ஆறு மணிக்குள் வாசலில் பாரணை

சின்னதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு விளம்பரம் செய்து கொடுக்கும் வேலைக்கு நீங்கள் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் பழைய நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாராம். அதன் இடது கால் ஆடும். மடித்த நோட்டீஸ் ஒன்றை அடியில் வையுங்கள். இருபத்தாறு வருடத்தில் நான் எழுதிய நோட்டீஸ்களில் உறுதியாகப் பயன்பட்டது என்று என்னால் சொல்ல முடிந்தது அந்த ஒன்றைத்தான்.

"அடிப்படைகளை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டிருந்தீர்கள். அடிப்படைகள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. நானும் அலமாரி நிறைய வாங்கி, அடிக்கோடு போட்டுப் படித்தவன்தான். யாருக்கு விற்கிறாய், எங்கே விற்கிறாய், உன் சரக்கில் என்ன விசேஷம், அதை எப்படிச் சொல்லப்போகிறாய். நான்கு கேள்வி, அவ்வளவுதான். இந்த நான்கையும் கரைத்துக் குடித்த பிறகு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் தப்புச் செய்ய முடியும் என்பதை எந்தப் புத்தகமும் எழுதவில்லை. அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் முடியாது.

முதலில் லேசான தப்பு. நான் தொழிலுக்கு வந்த புதிது. காட்டூரில் டிபன் கடை ஆரம்பித்த ஒருவர் என்னிடம் வந்தார். கடை இருப்பது ஊருக்குத் தெரியவேண்டும் என்றார். நான் புத்திசாலித்தனமாக, வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஸ்டால் போடச் சொன்னேன். தமிழ்நாட்டில் அன்றைக்கு அதைவிடக் கூட்டம் எங்கே இருக்கும்? கூட்டம் இருக்கிற இடத்துக்குக் கடை போகவேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். மனிதர் என்னை நம்பி ஆயிரம் இட்லி அவித்துக்கொண்டு போனார். வந்த ஜனத்தில் பாதி விரதம். மீதிப் பாதிக்கு வழி முழுக்க அன்னதானப் பந்தல். சாயங்காலம் ஸ்டாலைப் பார்க்கப் போனேன்.

"நீங்க சொன்ன மாதிரியே கூட்டம் வந்துச்சு சார்" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "எல்லாரும் நம்ம பேனரை நல்லா படிச்சாங்க. படிச்சுக்கிட்டே எதிர்ப் பந்தல்ல பொங்கல் சாப்ட்டாங்க. கை கழுவத் தண்ணி மட்டும் நம்மகிட்டதான் வாங்கிக்கிட்டாங்க."

அப்போது எனக்கு முதலாளியாக இருந்தவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நோட்டீஸ் அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். அவர் பேரைச் சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தபோதே பேரைப் போடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். இட்லிக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நோட்டீஸை எத்தனை பேர் படிப்பாங்கன்னே யோசிக்கிற. படிச்சவன் அடுத்து என்ன செய்வான்னு யோசிச்சியா?"

"கடைக்கு வருவாங்கண்ணே."

"வருவான், வராம இருப்பான். அத நான் கேக்கல. நீ எழுதினத நம்பி அவன் ஒரு காரியம் செய்வான்ல? அது என்ன காரியம்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியலன்னா அடிக்காத."

தெரிந்துகொண்டுவிட்டேன் என்று நினைத்தேன். பின்னாளில் பயிற்சி வகுப்புகளில் இதை என் சொந்தக் கண்டுபிடிப்பாகவே சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அர்த்தம் புரிவதற்கு இன்னும் இருபத்தைந்து வருடம் ஆயிற்று. அதுவும் வைகுண்ட ஏகாதசியை ஒட்டித்தான்.

வைதேகி மாமி ஆபீஸுக்கு வந்தது ஒரு ஐப்பசி மாதம். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஸ்ரீரங்கத்தில் அது மாமி என்று கூப்பிடுவதற்குத் தடையில்லை. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆபீஸ் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். கணவர் காலமாகி வெகுநாள். சித்திரை வீதியில் வாடகை வீட்டின் சமையலறையிலேயே தொழில் தொடங்கியிருந்தார். தனியாக இருக்கும் வயதானவர்களுக்குத் தினமும் மத்தியானச் சாப்பாடு. மாதம் இரண்டு தடவை, ஏகாதசிக்கு மறுநாள் துவாதசியன்று விடியற்காலையில் பாரணைச் சாப்பாடு.

உங்களில் விரதம் இருக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏகாதசி முழுநாளும் பட்டினி கிடந்தவர்கள் துவாதசி காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் சேர்த்துச் சாப்பிட்டு விரதத்தை முடிப்பதுதான் பாரணை. கல்யாணச் சாப்பாட்டைப் போல அதைத் தள்ளிப்போட முடியாது. முதல்நாள் முழுக்கக் காலியாக இருந்த வயிறு அது. எழுபது, எண்பது வயதில் விடியற்காலை எழுந்து அகத்திக்கீரை ஆய்ந்து சமைக்க யாரால் முடியும்? பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். விரதம் மட்டும் இங்கே இருக்கிறது. மாமி கண்டுபிடித்த சந்தை இது. எந்தப் புத்தகமும் படிக்காமல் கண்டுபிடித்திருந்தார்.

"மொத்தம் எத்தனை பேருங்க மாமி?"

"அறுபத்திரண்டு பேர். நானும் என் தங்கையுமாத் தளிகை பண்ணி, நடந்தும் சைக்கிள்லயும் கொண்டு குடுத்துடறோம். கூட ஒரு பத்துப் பேர் வந்தாப் போதும் சார். வாடகை ஏத்திட்டா. அதுக்கு மேல எனக்கு வேண்டாம்."

கூட ஒரு பத்துப் பேர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று இத்தனை தெளிவாக வந்து சொல்வது இந்தத் தொழிலில் அபூர்வம். நான் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். பணிவைச் சரிசெய்வது என் கடமை என்றும் எடுத்துக்கொண்டேன்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய வருகைப் பதிவேடு. அறுபத்திரண்டு பேரின் பேர், விலாசம், பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்புகள். 'காது கேக்காது, ஜன்னலைத் தட்டணும்.' 'கறமதுல காரம் வேண்டாம்', அதாவது பொரியலில். 'மாமி படுக்கை, மாமாதான் ஊட்டுவார், ஸ்பூன் வைக்கணும்.' கம்ப்யூட்டரில் அட்டவணை போடுவதற்காக அந்த நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். பேர், விலாசம், போன் நம்பர், என்ன ஆர்டர். நான்கு பத்தி. குறிப்புக்கு நான் பத்தி போடவில்லை. அட்டவணை அகலமாகி, திரையில் ஒரே பார்வையில் தெரியாமல் போகும் என்பது காரணம். போன் நம்பர் இருக்கும் இடத்தில், பணம் கட்டுகிற பிள்ளைகளின் நம்பரைப் போட்டேன். யார் வாங்குகிறார்களோ அவர்கள்தானே வாடிக்கையாளர்? பிறகு எல்லாப் பேரையும் தெருவாரியாக அடுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது.

நோட்டில் பேர்கள் எந்த வரிசையும் இல்லாமல் இருப்பதாக நினைத்துத்தான் அப்படி அடுக்கினேன். அது ஒரு வரிசைதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. யாருக்கு முதலில் போகவேண்டும் என்கிற வரிசை.

அடுத்தது நோட்டீஸ். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் போனுக்குப் போகிற மாதிரி விளம்பரம், ஸ்ரீரங்கத்து அடுக்குமாடி வாசல்களில் போடுகிற மாதிரி அச்சு நோட்டீஸ். தலைப்புக்கு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் வந்தது: 'ஆறு மணிக்குள் வாசலில் பாரணை.'

மாமி படித்துவிட்டு, "ஆறு மணிக்கா?" என்றார். "நான் ஆறரைக்கு ஆரம்பிச்சு ஏழரைக்குள்ள முடிப்பேன் சார். சூரியோதயம் ஆனப்புறம்தானே பாரணை."

"மாமி, ஆறரையிலேர்ந்து ஏழரைன்னு போட்டா ரயில் டைம்டேபிள் மாதிரி இருக்கும். ஆறுன்னா மனசுல நிக்கும்."

"மனசுல நின்னாப் போறுமா? வாசல்ல நிக்க வேண்டாமா?"

நல்ல பதில். சிரித்தேன். அதை வைத்து ஒரு விளம்பரம் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். தலைப்பை மாற்றவில்லை.

மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக்கு நான்கு நாள் முன்னால், ஆர்டர் முந்நூற்று எண்பதைத் தாண்டியது. நிறுத்தலாம் என்று மாமி சொன்னார். வருகிற கூட்டத்தைத் திருப்பி அனுப்பினால் மறுபடி வராது என்று நான் சொன்னேன். பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டை ஏற்பாடு செய்தேன். நான்கு சமையல்காரர்கள். மலைக்கோட்டைப் பக்கத்திலிருந்து எட்டு டெலிவரி பைக். மாமிக்கு எதிலும் குறை வைக்கவில்லை, தூக்கத்தைத் தவிர.

இன்னொன்றும் செய்தேன். சாப்பாடு போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு மெசேஜ் போகவேண்டும். அப்போதுதான் பாராட்டு எழுதுவார்கள். ஒவ்வொன்றாக அனுப்ப ஆள் இல்லை. அதனால் முந்நூற்று எண்பது பேருக்கும் காலை ஆறு மணிக்குத் தானாகப் போகிற மாதிரி முதல்நாளே எழுதி வைத்தேன். 'உங்கள் பெற்றோருக்குப் பாரணை வந்து சேர்ந்தது. மகிழ்ச்சியா? ஐந்து நட்சத்திரம் தாருங்கள்.' அது போனதும் அட்டவணையில் அந்தப் பேருக்கு நேராக ஒரு பச்சை டிக் விழும்.

துவாதசி காலை ஐந்தரைக்கு மண்டபத்தில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. அகத்திக்கீரை வாசனை. மாமி ஈரத்தலையோடு ஒவ்வொரு டப்பாவிலும் நெல்லிக்காய்ப் பச்சடி இருக்கிறதா என்று திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பைக்குகள்தான் வரவில்லை.

ஏகாதசிக் கூட்டத்துக்காகப் போட்ட தடுப்புகளை மறுநாள் காலையிலும் எடுக்கவில்லை. வண்டி எதையும் உள்ளே விடவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு மார்கழி இருந்தவருக்கு இது தெரியும். நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கே.கே. நகரில் இருப்பவன். ஏகாதசிக்குத்தானே தடுப்பு, துவாதசிக்கு என்ன என்று நினைத்தேன். மாமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாடிக்கையாளரிடம் கேட்டால் நமக்குத் தெரியாது என்று தெரிந்துவிடுமே.

ஆறு மணிக்கு மெசேஜ் மட்டும் போனது. மிகச் சரியாக ஆறு மணிக்கு. அந்த நாளில் நேரத்துக்கு நடந்த காரியம் அது ஒன்றுதான்.

ஆறே காலுக்குப் போன் அடிக்க ஆரம்பித்தது. "வந்துடுச்சுன்னு மெசேஜ் வருது, எங்க அம்மா வரலங்கறா. என்ன விளையாடறீங்களா?" பெங்களூர், சென்னை, துபாய், இன்னும் எந்த ஊர் என்றே தெரியாத ஊர். மூன்று பைக் ஓட்டுநர்கள் வண்டியைத் தடுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். மாமி, மாமியின் தங்கை, நான், மூன்று சமையல்காரர்கள். ஆளுக்கு ஒரு பையில் பத்து டப்பா. எங்கே முதலில் போவது?

நான் முடிவெடுத்தேன். நெருக்கடியில் சட்டென்று முடிவெடுப்பவன் என்று எனக்கு ஆபீஸில் நல்ல பேர் உண்டு.

"யாரு போன் பண்றாங்களோ அவங்களுக்கு முதல்ல. அவங்கதான் கண்டபடி எழுதுவாங்க."

மாமி பையைக் கீழே வைத்தார். "போன் பண்ணாதவாளுக்கில்லையா முதல்ல போகணும்? கத்தறவாளுக்கு உடம்புல தெம்பிருக்கு சார்."

"மாமி, இப்ப வாதம் பண்ண நேரமில்லைங்க."

"சரி. சாரதி மாமாவுக்குப் போயாச்சா? அதை மட்டும் சொல்லுங்கோ."

பார்த்தசாரதி என்ற பெரியவரை அவர் அப்படித்தான் சொல்வார். உத்திர வீதிக்குப் பின்னால் ஒரு பிளாட்டில் மூன்றாவது மாடி. எண்பத்தொரு வயது. தனியாக இருந்தார். மகன் ராகவன் அமெரிக்காவில். அட்டவணையில் பார்த்தேன். பேருக்கு நேராகப் பச்சை டிக். அதோடு மகனிடமிருந்து ஐந்து நட்சத்திரம், ஆறு மணி நான்கு நிமிடத்துக்கு.

"போயாச்சுங்க மாமி. பையன் அஞ்சு ஸ்டாரே போட்டிருக்காரு, இந்தா பாருங்க."

போனை நீட்டினேன். மாமி படித்தார். 'சரியான நேரத்துக்கு வந்தது. அப்பா சந்தோஷப்பட்டிருப்பார். நன்றி.'

"பெருமாளே" என்று மூச்சு விட்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த டிக்கைப் போட்டவன் நான். முதல்நாள் சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே முந்நூற்று எண்பது டிக்குக்கும் ஏற்பாடு செய்தவன் நான். அது எதற்கும் சாட்சி இல்லை என்று உலகத்தில் ஒருவனுக்குத் தெரியும் என்றால் அது எனக்கு. ஆனாலும் திரையில் பச்சையாகத் தெரிந்ததும் நம்பினேன். நான் எழுதிய பொய்யை ஊரிலேயே முதலில் நம்பியவன் நான்தான். பொய் சொல்லாதே என்று உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. சொன்ன பொய்யைச் சொன்னவனே மறந்துபோகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்துவைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லலாம்.

ஒன்பதரைக்கு மண்டபத்தில் கடைசியாக நாற்பது டப்பா மிச்சமிருந்தது. மாமி மூன்றாவது நடையை முடித்துவிட்டு வந்து, ஒவ்வொரு மூடியிலும் ஒட்டியிருந்த பேரைப் படித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சார், இது என்ன?"

பார்த்தசாரதி, மூன்றாவது மாடி.

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். அந்தக் கூட்டத்தில் அவர் போன வேகத்தில் என்னால் போக முடியவில்லை. நான் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறியபோது பக்கத்து வீட்டுக்காரர் சாவி போட்டுக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். மணி ஒன்பது நாற்பது.

பெரியவர் வாசலுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டிருந்தார். மூச்சு இருந்தது. மேஜையில் துடைத்த தட்டு, தம்ளரில் பாதித் தண்ணீர், சர்க்கரை மாத்திரைப் பட்டை ஒன்று. அதில் ஒரு மாத்திரை எடுத்த இடம் காலியாக இருந்தது. தம்ளருக்கு அடியில் என் நோட்டீஸ்.

மாமி அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "மாமா, மாமா, நான் வைதேகி வந்திருக்கேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"நான் வர நேரம் தெரியும் மாமாவுக்கு. சைக்கிள் மணி கேட்டப்புறம்தான் மாத்திரை போட்டுப்பார். இந்தத் தடவை ஆறுன்னு போட்டிருந்ததே. அஞ்சே முக்காலுக்குப் போட்டுண்டிருப்பார்."

படிச்சவன் அடுத்து என்ன செய்வான்? மாத்திரை போட்டுக்கொள்வான்.

ஆஸ்பத்திரியில் பிழைக்க வைக்கப் பார்த்தார்கள். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது, விழுந்ததில் தலையில் அடி. வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மகனுக்குச் சொல்ல வேண்டும். என் மூளை அந்த நேரத்திலும் தொழில்முறையில் வேலை செய்ததைச் சொல்லியாகவேண்டும்.

"மாமி, காலையில விழுந்துட்டாருன்னு மட்டும் சொன்னாப் போதும்ங்க. அது உண்மைதானே. டெலிவரி விஷயம் இப்ப வேண்டாம். வெளியே தெரிஞ்சா உங்க தொழிலே போயிடும்."

"ஆறு மணிக்கு அப்பா சாப்ட்டார்னு அந்தப் பிள்ளை நெனச்சிண்டிருக்கான் சார்."

"தெரியாம இருக்கறது அவருக்கும் நல்லதுதானே."

"அவனுக்கு எது நல்லதுன்னு நீங்க எப்படிச் சொல்றேள்? நான் நாளைக்கும் அடுப்பு முன்னாடி போய் நிக்கணும். இதை வெச்சிண்டு எப்படித் தளிகை பண்றது?"

போன் போட்டார். அமெரிக்காவில் அப்போது நடுராத்திரி. ஸ்பீக்கரில் இல்லை, ஆனாலும் அந்தப் பக்கம் இருந்த குரல் எனக்குக் கேட்டது. மாமி ஒரு சொல்லையும் மழுப்பவில்லை. ஒன்பது நாற்பதுக்குத்தான் போனேன், கீழே விழுந்திருந்தார், மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"மாமி, ஆறு மணிக்கு மெசேஜ் வந்துதே?" என்றார் ராகவன். "அதைப் பார்த்துட்டுத்தானே நான் அப்பாவுக்குப் போன் பண்ணாம விட்டேன். சாப்பிடட்டும், அப்புறம் பேசலாம்னு..."

"அது பொய் கண்ணா. என் பேர்ல போச்சு."

என் பேர்ல போச்சு. யார் எழுதியது என்று அவர் சொல்லவில்லை. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். கை நீட்டிப் போனை வாங்கி, அதை எழுதியவன் நான் என்று சொல்ல அந்த இடத்தில் ஒரு இடைவெளி இருந்தது. சின்ன இடைவெளி இல்லை. நான் எதிர்ச் சுவரில் கை கழுவும் முறை பற்றி ஒட்டியிருந்த படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஏழு படிகள் இருந்தன.

மகன் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். பெரியவர் நான்காம் நாள் போனார். வயது, விரதம், மாத்திரை, அடி என்று டாக்டர் நான்கு காரணம் சொன்னார். ஒன்பது நாற்பதை அவர் சேர்க்கவில்லை. அது மருத்துவக் காரணம் இல்லை.

ராகவன் யாரையும் திட்டவில்லை, வழக்குப் போடவில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்தில் எந்தச் செய்திக்கும் நோட்டீஸ் தேவையில்லை. புதிதாக வந்தவர்கள் அடுத்த ஏகாதசிக்கே இல்லை. பழைய அறுபத்திரண்டு பேரில் பலரைப் பிள்ளைகள் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாமி வேண்டாம் என்று அந்தப் பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை. என் அட்டவணையில் அவர்கள் நம்பரே இல்லையே. பங்குனிக்குள் மாமி வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கையோடு காட்டூருக்குப் போனார். இப்போது ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலை. இருநூறு பேருக்குச் சமைக்கிறார். யாருக்குக் காது கேட்காது என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

போவதற்கு முன்னால் நோட்டைத் திருப்பிக் கேட்க ஆபீஸுக்கு வந்தார். மேஜை டிராயரில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால்தான் முதல் பக்கத்தை முதல்தடவையாக ஒழுங்காகப் படித்தேன். முதல் பேர் பார்த்தசாரதி. பக்கத்தில் பென்சிலில்: 'தனி. சர்க்கரை. எப்பவும் முதல்ல இவர்.'

"மன்னிச்சுடுங்க மாமி" என்றேன். இருபத்தாறு வருடம் வார்த்தையை விற்றுப் பிழைத்தவனுக்கு வந்தது அந்த இரண்டு வார்த்தை.

மாமி நோட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டார். "பத்துப் பேர்தானே சார் கேட்டேன்" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. கணக்கு எங்கே தப்பியது என்று நிஜமாகவே புரியாதவர் கேட்கிற குரல்.

அந்த வருஷமே வேலையை விட்டேன். ஓய்வு என்பது ஆபீஸில் வைத்த பேர். பிரிவு உபசாரத்தில் எனக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதில் ஆறு மணி தினமும் இரண்டு தடவை வருகிறது.

நீங்கள் கேட்ட அடிப்படைகளுக்கு வருகிறேன். வாடிக்கையாளர் பத்துப் பேர் கேட்டால் பத்துப் பேர் கொண்டுவாருங்கள். அவர்கள் பென்சிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நேரம் எழுதினால் அந்த நேரத்துக்கு நீங்களே ஒருநாள் டப்பாவோடு படியேறிப் பாருங்கள். பணம் கட்டுகிறவர் ஒருவராகவும் சாப்பிடுகிறவர் வேறொருவராகவும் இருந்தால், சாப்பிடுகிறவரின் நம்பரை வாங்குங்கள். குழப்பம் வரும்போது, யார் கத்தவில்லை என்று பாருங்கள்.

ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. போனில் வரைபடத்தைத் திறந்து சித்திரை வீதிக்குப் போனால் மாமியின் கடைக்கு நான் உண்டாக்கிய பக்கம் இன்னும் இருக்கும். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று சிவப்பில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே ராகவனின் ஐந்து நட்சத்திரம். அதை எழுதியவர்தான் அழிக்க முடியும். அவர் மறந்திருக்கலாம். திறந்து பார்க்கத் தைரியம் இல்லாமலும் இருக்கலாம். அதற்கடியில் உரிமையாளர் பதில் எழுத ஒரு கட்டம் உண்டு. கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது. மூன்று வருடமாக அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

உங்களுக்கு எழுத உட்கார்ந்த பிறகு, இதை மட்டும் எழுதாமல் மற்றதையெல்லாம் எழுத முடியாது என்று தெரிந்தது. காட்டூருக்குப் போய் மாமியிடம் கேட்டேன். "இப்போ எதுக்கு சார்?" என்றார் முதலில். அடுப்பைத் தணித்துவிட்டு, "சரி, உங்க பேரைப் போட்டு எழுதுங்கோ" என்றார்.

நேற்று எழுதினேன்.

'சாப்பாடு ஆறு மணிக்கு வரவில்லை. ஒன்பது நாற்பதுக்கு வந்தது. ஆறு மணி மெசேஜை எழுதியது வைதேகி மாமி அல்ல, நான்.' கீழே என் பேர்.

தலைப்பு கிடையாது, சலுகை கிடையாது. நான் எழுதியதிலேயே சின்ன நோட்டீஸ் இதுதான். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, இதைப் படிக்கிறவர் அடுத்து என்ன செய்வார் என்று முதல்தடவையாக உண்மையிலேயே யோசித்தேன். தெரியவில்லை. தெரியாவிட்டால் அடிக்காதே என்றார் என் முதலாளி.

அனுப்பிவிட்டேன். போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.